ஒரு காலத்தில் நேசித்த வெளிநாட்டுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனவர்கள் சொல்லுங்கள்: அந்த நாடு மாறியிருந்ததா? அந்த மாற்றம் உங்களுக்குப் பிடித்ததா?

மாறியிருந்தது. நான் சொல்வது சவூதி அரேபியாவை, அதிலும் ரியாத் நகரத்தை. 1998 முதல் 2010 வரை அங்கே ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தேன். மகளும் மருமகனும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். சென்ற குளிர்காலத்தில் அவர்கள் வீட்டில் தங்கிவிட்டு வந்தேன். பிடித்ததா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

சவூதியை நேசித்தேன் என்றால் நாகர்கோவிலில் என் சொந்தக்காரர்களே நம்ப மாட்டார்கள். அப்போது பெண்கள் கார் ஓட்டக் கூடாது. உடல் முழுவதையும் மூடும் கறுப்பு அங்கியான அபாயா போடாமல் தெருவில் இறங்கக் கூடாது. எங்கள் ஜெபத்தை விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் நேசிக்க என்ன இருந்தது என்பார்கள். அந்த ஊர்ப் பெண்கள் இருந்தார்கள்.

அங்கே நோயாளியோடு துணைக்குத் தங்குகிறவரை முராஃபிக் என்பார்கள். பெண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு மகளோ மருமகளோ நாள்கணக்கில் இருப்பார். கையில் பிளாஸ்க் நிறைய கஹ்வா, ஒரு டப்பா பேரீச்சம்பழம். அந்தக் காபி நம் ஊர்க் காபி போலக் கறுப்பு அல்ல; லேசாக வறுத்து, ஏலக்காய் தட்டிப் போட்டது, மஞ்சள் நிறத்தில் இருக்கும். பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினால்தான் போதும் என்று பொருள். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இரவுப் பணியில் ஊசி போடப் போனால் "சிஸ்டர், உட்கார்" என்று கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். எனக்கு அரபி பேச வந்தது அந்தக் கட்டில் ஓரங்களில்தான்.

நோயாளிகள் வீடு திரும்பிய பிறகும் உறவு விடாது. கல்யாணத்துக்கு அழைப்பார்கள். ஆண்களுக்குத் தனி மண்டபம், பெண்களுக்குத் தனி மண்டபம். வாசலில் காவலுக்கு நிற்கும் பெண் கேமராவையும் செல்பேசியையும் வாங்கி வைத்துக்கொள்வார். உள்ளே நுழைந்து அபாயாவைக் கழற்றியதும் வேறு உலகம். பட்டும் பொன்னுமாக நூற்றுக்கணக்கான பெண்கள். பறை போன்ற வட்ட மேளங்களைக் கையில் பிடித்து வெளுத்துவாங்கும் பாடகிகள். மூன்று தலைமுறை ஒன்றாக ஆடும். இரவு விருந்து இரண்டு மணிக்கு முன்னால் வந்ததாக எனக்கு நினைவில்லை. இவ்வளவு சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. தெருவில் கறுப்பு உருவமாக மட்டுமே பார்த்தவர்களை அங்கே முழு மனுஷிகளாகப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரி, வேற்று மதத்தாள் என்று யாரும் என்னை ஒதுக்கவில்லை. பெண் என்ற ஒரே தகுதி போதுமானதாக இருந்தது.

சுவருக்கு வெளியே இருந்த வாழ்க்கையை நான் அழகாக்கிச் சொல்ல விரும்பவில்லை. உள்ளாடை வாங்கப் போனால் அளவு கேட்டு எடுத்துக் கொடுப்பவர் ஆண் விற்பனையாளர். 2012இல்தான் அந்தக் கடைகளில் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. உணவகத்தில் குடும்பத்துக்குத் தனி வாசல், திரை போட்ட தனித் தடுப்பு. அங்காடித் தெருவில் தலைத்துணி சற்று நழுவினால் முத்தவ்வா எனப்படும் மார்க்கக் காவலர் அதட்டுவார்.

இப்போது மகளின் காரில், மகள் ஓட்ட, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போனேன். பெண்கள் ஓட்டலாம் என்ற அனுமதி 2018 ஜூன் 24 அன்று நடைமுறைக்கு வந்தது என்று செய்தியில் படித்தவள்தான் நான். ஆனாலும் பக்கத்துத் தடத்தில் ஒரு சவூதிப் பெண் முகத்திரையோடு பெரிய காரை ஓட்டிக்கொண்டு முந்திப் போனபோது கை தட்டிவிட்டேன். அதற்கு முன்பே, கடவுச்சீட்டில் முத்திரை குத்தியவரும் பெண்தான். மார்க்கக் காவலர்கள் கைது செய்யும் அதிகாரத்தை 2016இலேயே இழந்துவிட்டார்கள். உணவகங்களின் தனி வாசல் விதி 2019 டிசம்பரில் போய்விட்டது. மகள் அழைத்துப் போன காபிக் கடையில் ஆணும் பெண்ணும் அடுத்தடுத்த மேசைகளில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

புதிய மெட்ரோவில் ஏறினேன். 2024 டிசம்பரில் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. நான்கு ரியால் டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் பயணம் செய்யலாம். எங்கள் காலத்தில் மருத்துவமனைப் பஸ் எப்போது விடுவார்கள் என்று காத்திருந்துதான் பத்தா கடைவீதிக்குப் போவோம். இப்போது நீல வழித்தடம் ஒலையா என்ற பகுதியையும் பத்தாவையும் இணைக்கிறது. அந்த ரயிலிலும் குடும்பப் பெட்டி என்று தனியாக ஒன்று இருக்கிறது. நான் வேண்டுமென்றே அதில் ஏறி உட்கார்ந்தேன்.

எனக்கு மிகவும் உறைத்தது தொழுகை நேரம். முன்பு பாங்கு சொன்னதும் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிடும். பாதிப் பொருள் வாங்கிய நிலையில் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். அரை மணி நேரம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களோடு பேசுவோம். அந்தப் படிக்கட்டுகளில்தான் பிலிப்பைன்ஸ், சூடான், எகிப்துப் பெண்கள் எனக்குப் பழக்கமானார்கள். 2021 முதல் தொழுகை நேரத்திலும் கடை திறந்திருக்கலாம். இந்த முறை பாங்கு கேட்டபோது காசாளர் பொருள்களை ஸ்கேன் செய்வதை நிறுத்தவே இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே பட்டது. அவசரத்துக்கு மருந்து வாங்க ஓடி, மூடிய கதவின் முன்னால் நின்ற தாய்மார்களுக்கு அப்படிப் பட்டிருக்காது என்பதும் தெரிகிறது.

நான் தேடிப் போனது அந்த உள் உலகத்தை. என் பழைய நோயாளி ஒருவர், நாங்கள் காலா என்று கூப்பிடும் மூதாட்டி, இன்னும் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனேன். முன்பு அந்த வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், எந்த மாலையில் போனாலும் பத்துப் பெண்கள் சுவரோரம் மெத்தைகளில் இருப்பார்கள். இப்போது காலாவும் வீட்டு வேலைக்கு இருக்கும் எத்தியோப்பியப் பெண்ணும் மட்டும். மருமகள்களில் ஒருவர் வங்கியில், ஒருவர் பள்ளி நிர்வாகத்தில். பேத்திகள் பல்கலைக்கழகத்தில். கஹ்வா வந்தது, ஏலக்காய் மணம் அதேதான். ஆனால் எட்டு மணிக்கு வந்த பேத்தி என்னை முத்தமிட்டுவிட்டு, தோழிகள் காத்திருக்கிறார்கள் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பழைய மாலைகள் நினைவில்லையா என்று காலாவிடம் கேட்டேன். அவர் சர்க்கரை நோயாளி; கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர். "நான் எத்தனை முறை குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று உனக்குத்தானே தெரியும்? மகன் வேலையை விட்டு வர வேண்டும், இல்லையென்றால் ஓட்டுநர் கிடைக்க வேண்டும். இப்போது பேத்தியே என்னை அழைத்துப் போகிறாள்" என்றார். அவர் சொன்னது உண்மை. வராத நோயாளிகளின் பட்டியலில் அவர் பெயரை நானே எழுதியிருக்கிறேன்.

அந்த மாலைகளின் நெருக்கம் எதனால் வந்தது என்று அதன் பிறகு யோசித்தேன். அந்தப் பெண்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. அதனால் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கும் பங்கு கிடைத்தது. அது போனதில் எனக்கு வருத்தம்தான். அது திரும்பி வர வேண்டும் என்று ஒருபோதும் கேட்க மாட்டேன்.

மாற்றத்தை முழுவதுமாகப் புகழவும் மனம் வரவில்லை. கார் ஓட்டும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடிய பெண்களை, தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2018 மே மாதத்தில் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவரான லுஜைன் அல்-ஹத்லூல் 2021 பிப்ரவரியில்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். மகள் அனுபவிக்கும் வசதிக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். தேவாலயம் இன்றும் கிடையாது.

நம்மவர்களின் வாழ்க்கையும் மாறிவிட்டது. 2017 ஜூலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. 2020இல் அது 400 ஆனது. மகளின் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 9,600 ரியால். மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். நான் கிளம்பியபோது லிட்டர் 45 ஹலாலாவுக்கு (100 ஹலாலா ஒரு ரியால்) விற்ற பெட்ரோல் இப்போது 2 ரியால் 18 ஹலாலா. மகளுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பல மனைவி, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டன. மகளும் மருமகனும்கூட, பெரியவன் ஆறாம் வகுப்புக்குப் போகும் முன் அவனை நாகர்கோவிலில் என்னிடம் விடுவதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அங்கே இருக்கும்போதே இன்னொரு முறை போய்விட வேண்டும் என்று இருக்கிறேன். காலாவின் பேத்திக்கு அடுத்த குளிர்காலத்தில் கல்யாணம். பெண்களுக்குத் தனி மண்டபம்தான், மேளமும் உண்டு என்று உறுதி சொல்லியிருக்கிறாள்.