வாசகர் கேள்வி பதில்: பிள்ளை வாசிக்கிறானா, ஒப்பிக்கிறானா?

இந்த இதழில் சிறு பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

என் மகன் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் கடகடவென்று படிக்கிறான். ஆனால் பஸ்ஸில் போகும்போது 'பழக்கடை' என்ற பலகையைக் காட்டினால் விழிக்கிறான். அவன் வாசிப்பை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? (வாசகி, தேனி)

தாராளமாக உண்டு. முதலில் பாடப்புத்தகத்தில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பக்கத்தை எடுங்கள். நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தெரியும்படி மற்றதைக் காகிதத்தால் மூடிவிட்டு, "இது என்ன கண்ணு?" என்று கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை உடனே சொல்லிவிடும். மனப்பாடம் செய்த பிள்ளை காகிதத்தை விலக்கப் பார்க்கும், இல்லையென்றால் அந்த வரியை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து சொல்லைப் பிடிக்கும். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பல நாள் சத்தமாகச் சொன்ன பாடம் அது. அதை வைத்து வாசிப்பை அளக்க முடியாது.

அப்புறம் பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று பார்க்கும் 'ஏசர்' என்ற கணக்கெடுப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முயற்சியில் 2005-இல் தொடங்கியது. கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு தாளைக் காட்டுவார்கள். அதில் எழுத்துகள், சின்னச் சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. எனக்கு அதில் பிடித்த விஷயம், எழுத்திலிருந்து தொடங்க மாட்டார்கள். பத்தியைத்தான் முதலில் கொடுப்பார்கள். சரளமாக வந்தால் கதைக்கு ஏறுவார்கள், திணறினால் சொல்லுக்கு இறங்குவார்கள், அதுவும் வரவில்லை என்றால்தான் எழுத்து. ஐந்து சொல்லில் நாலு சரியாக வந்தால் போதும். இதை நீங்களும் செய்யலாம். ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்:

'மீனா பள்ளிக்குப் போனாள். குடையை மறந்துவிட்டாள். திரும்பி வரும்போது அவள் பட்டம் போட்ட சட்டை நனைந்திருந்தது. அம்மா துண்டு எடுத்து வந்தாள்.'

அவன் வாசிக்கும்போது திருத்தவே திருத்தாதீர்கள். வாய் துறுதுறுவென்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கே என்ன சொன்னான் என்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றால் புள்ளி எழுத்தை விட்டுவிட்டுப் போகிறான். 'வரும்போது' என்பதை 'வந்து' என்றால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். 'போனாள்' என்ற இடத்தில் நின்றுவிட்டால் கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்து அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி வேண்டும். பத்துக்கு ஆறு என்று ஒரு மதிப்பெண் போட்டுக் கொடுத்தால் இதில் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் ஒரு கேள்வி: "மீனாவின் சட்டை ஏன் நனைந்தது?" மழை என்ற சொல் அந்தப் பத்தியில் எங்கேயும் இல்லை. "மழை பெய்ததால்" என்று சொல்கிற பிள்ளை புரிந்துகொண்டு வாசித்திருக்கிறது. "குடையை மறந்துவிட்டாள்" என்று சொன்னாலும் சரிதான், "குடை இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று இன்னும் ஒரு படி கேளுங்கள்.

பேத்தி ஒன்றாம் வகுப்பு. 247 எழுத்துகளையும் வரிசையாகச் சொல்கிறாள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. (வாசகர், மன்னார்குடி)

ஐயா, வரிசையாகச் சொல்வது பாட்டுப் போல வந்துவிடும். கலைத்துக் கேளுங்கள். 247-ஐயும் கேட்க வேண்டாம். கி, சி, தி, மி எல்லாவற்றிலும் இகரக் குறி ஒரே மாதிரி, ஆனால் கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. உகரத்திலும் ஊகாரத்திலும்தான் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவார்கள், அங்கிருந்து ஆரம்பியுங்கள். அடுத்து கெ, கே, கொ, கோ. கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது, வாயில் அந்த ஓசை பிறகுதான் வருகிறது. இடமிருந்து வலமாகக் கூட்டுகிற குழந்தைக்கு இது பெரிய குழப்பம். (நாம் படித்த காலத்தில் லை, னை எல்லாம் துதிக்கை போட்டு எழுதினோம். 1978-இல் எழுத்தைச் சீர்திருத்தியதில் அந்த ஒரு சுமையாவது இவர்களுக்குக் குறைந்தது.)

எழுத்துகள் தெரிகின்றன என்று உறுதியானதும், 'தமுசி', 'பேகலா' என்று பொருளே இல்லாத பெயர்களை எழுதி, "வேற்றுக்கிரகத்து ராஜா பேர், படி பார்ப்போம்" என்று கொடுங்கள். ஊகிக்க வழியே இல்லாததால் கூட்டிப் படிக்க வருகிறதா என்பது அதில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். என் வகுப்பில் பிள்ளைகள் இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் படிப்பார்கள்.

ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்கிறார்களே? (வாசகி, ஈரோடு)

ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். 'படித்துக்கொண்டிருந்தாள்' நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதுவே பல சொல்லாகப் பிரியும். கடிகாரத்தைப் பார்த்தால் குழந்தை பயந்துவிடும். சொல் சொல்லாக உடைக்காமல் வாக்கியமாக வாசிக்கிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள், மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் நான். வகுப்பில் 28 பிள்ளைகள், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க நேரம் எங்கே? (வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

தம்பி, ஒரே நாளில் எல்லோரையும் பார்க்க நினைக்காதீர்கள். தினம் இரண்டு பேர், மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் மேசைப் பக்கத்தில், மெல்லிய குரலில். மூன்று வாரத்துக்குள் வகுப்பே முடிந்துவிடும். 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் கற்றிருக்கும் அளவை வைத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவு கற்பிக்க உதவும், ஆனால் அரும்பில் இருக்கிற ஐந்து பேருக்கும் ஐந்து விதச் சிக்கல் இருக்கும். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதியும் தவறும் மட்டும் எழுதிவாருங்கள்.

தெலுங்கு பேசுகிற பிள்ளையிடம், வாசிக்கக் கொடுக்கும் சொல்லுக்குப் பொருள் தெரியுமா என்று முதலில் வாய்மொழியாகக் கேளுங்கள். 'முறம்' என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை அந்தச் சொல்லில் தடுமாறினால் அதை வாசிப்புக் குறை என்று எழுதுவது அநியாயம். படத்தைக் காட்டி, சொல்லைப் பழக்கிவிட்டுப் பிறகு வாசிக்கக் கொடுங்கள்.

மூன்றாம் வகுப்பு முடியப்போகிறது. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் என் மகளுக்கு எழுத்துகள் மாறி மாறிப் போகின்றன. சோம்பேறி என்கிறார்கள். (வாசகி, விருதுநகர்)

அந்தச் சொல்லை அவள் காதில் விழவிடாதீர்கள் அம்மா. முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கரும்பலகை தெரியாமலேயே வருடத்தைக் கடத்துகிற பிள்ளைகள் உண்டு. இரண்டும் நன்றாக இருந்து, தினமும் சொல்லிக்கொடுத்தும் மாதக்கணக்கில் அசையவில்லை என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் அனுப்புவார். போகும்போது அவள் வாசித்ததில் நீங்கள் குறித்த தவறுகளை, இரண்டு மூன்று வாரத்துக்குரியதைத் தேதியோடு எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.