கிராமத்தை ஒட்டி எழும் புது டவுனில் வீடு வாங்கலாமா? கேம்பிரிட்ஜ் பக்கம் இருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கேம்பிரிட்ஜில் வேலை கிடைத்து வந்திருக்கிறீர்கள், அடுத்த கோடைக்குள் மனைவியும் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள், பக்கத்தில் எழும் நார்த்ஸ்டோ என்ற புது டவுனில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் போகிற வழியில் கிராமத்து வேலிகளில் "இனி வீடுகள் வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்த பலகைகளைப் பார்த்ததும் மனசு சரியில்லை. அங்கே போய்க் குடியேறினால் நம்மை வேண்டாதவர்களாகத்தான் பார்ப்பார்களா, வாங்கலாமா விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் பில்டர் மாதிரிக்குக் காட்டுகிற ஷோ ஹோமில் இருக்கிற சமையலறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பள்ளி, டாக்டர், கடை, பஸ், தண்ணீர் எல்லாம் எந்த வரிசையில் வரப்போகின்றன என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தப் பலகைகளின் கோபமும் பெரும்பாலும் இதே வரிசையைப் பற்றியதுதான். முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம் என்று நடப்பதால் பழைய கிராமத்துக்காரர்களும் புதிதாக வருகிறவர்களும் ஒரே இடத்தில் அடிபடுகிறார்கள். இதை நான் ஏதோ படித்துவிட்டுச் சொல்லவில்லை, இதேபோல் வயலில் எழுந்த கேம்போர்ன் என்ற டவுனில் பல வருஷமாகக் குடியிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

கேம்போர்ன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காக்ஸ்டன், போர்ன் என்ற பழைய கிராமங்களுக்கு நடுவே வயல்வெளியில் 1998இல் வேலை ஆரம்பித்தது. இன்றைக்கு கடை, சர்ஜரி (டாக்டர் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), பள்ளிகள் எல்லாம் இருக்கின்றன, 2019இல் டவுன் கவுன்சிலும் ஆகிவிட்டது. ஆனால் உள்ளூரில் உயர்நிலைப் பள்ளி திறந்தது 2013இல்தான். அதுவரை பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி காம்பர்டன் பள்ளிக்குப் போய் வந்தார்கள். குளிர்காலத்தில் இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புவார்கள், என் பெரியவனும் அப்படித்தான் போனான். வேலை ஆரம்பித்ததிலிருந்து பதினைந்து வருஷம்! ஒரு பிள்ளை பிறந்து உயர்நிலைப் பள்ளியையே பாதி முடித்துவிடும் காலம் அது.

நார்த்ஸ்டோவும் அதே வழியில்தான் வந்தது. அது பழைய ராணுவ விமானத்தளம் இருந்த நிலம், லாங்ஸ்டான்டனுக்கும் ஓக்கிங்டனுக்கும் நடுவில். மொத்தம் 10,000 வீடுகள் என்பது திட்டம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேச்சு ஆரம்பித்தது, 2008இன் பொருளாதாரச் சரிவில் எல்லாம் நின்றுபோனது, 1,500 வீடுகளுக்கான முதல் கட்ட அனுமதி 2014இல் வந்தது, முதல் குடும்பங்கள் 2017இல் வந்தன. பெரிய அளவில் கட்டுவதற்கு முன் ஏ14 சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள், அது முடிய 2020 ஆனது. இந்த இடத்தில் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் போகும் கைடட் பஸ்வே, அதாவது பஸ்ஸுக்கென்றே போட்ட தனித் தடம், 2011லேயே ஓட ஆரம்பித்துவிட்டது, வீடுகளுக்கு முன்னால் பஸ் வந்த அபூர்வமான இடம் இது. ஆரம்பப் பள்ளியும் ஏறக்குறைய முதல் குடும்பங்களோடு வந்தது. ஆனால் கடையும் டாக்டரும் அப்படி வரவில்லை, பல வருஷங்களுக்கு அந்த மக்கள் பக்கத்துக் கிராமங்களைத்தான் நம்பியிருந்தார்கள். இப்போது கிராமத்துக்காரர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தங்கள் ஊர் மக்களுக்கென்று இருந்த டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, தெருவில் நாள் முழுக்க மண் லாரி, பக்கத்து நிலத்தில் தோண்டத் தோண்ட ஊர்க் குளத்தில் தண்ணீர் இறங்குகிறது என்ற சந்தேகம் வேறு. பலகை எழுதி வைக்காமல் என்ன செய்வார்கள்?

நிறத்தைப் பார்த்து முகம் திருப்புகிற ஆள் எங்கேயும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அந்தப் பலகைகளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருமுறை இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மண்டபத்தில் பில்டரின் வரைபடங்களை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள், நானும் போயிருந்தேன். நீளமான மேசைகளில் வண்ண வண்ணமாக விரித்து வைத்திருந்த படங்களுக்கு முன்னால், காலில் சேற்று பூட்ஸோடு ஒரு வயசான விவசாயி வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றிருந்தார். அப்புறம் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, "இந்த வாய்க்கால் ஜனவரியில் எதிர்ப்பக்கம் ஓடும், கீழே ஆறு நிரம்பினால் தண்ணீர் இப்படித் திரும்பி வந்து இந்த மூலையில் நிற்கும்" என்றார். இஞ்சினியர் பையன் மரியாதையாகப் பேனாவை எடுத்து அந்த இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டான். அடுத்த முறை வந்த படத்தில் அந்த மூலையில் வீடுகள் இல்லை, மழைநீர் தேங்குவதற்கான குளம் இருந்தது. அந்த மனிதர் வீடே கூடாது என்று சண்டை போட வந்தவராகத்தான் எல்லோரும் நினைத்தோம். அவர் அன்று பேசாமல் இருந்திருந்தால் யார் வீட்டுத் தரையில் தண்ணீர் ஏறியிருக்கும்? உங்களைப் போல் புதிதாக வாங்கி வருகிற ஒரு குடும்பத்தின் வீட்டில்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். "கிராமங்களைத் தொடாமல் விட்டுவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். தொடாமல் விடுவது என்ற ஒன்று இங்கே நடைமுறையில் இல்லை. அடுத்த ஐந்து வருஷத்துக்குத் தேவையான வீடுகளுக்கு நிலம் ஒதுக்கி வைத்திருப்பதை ஒவ்வொரு கவுன்சிலும் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், எங்கே கட்டலாம் என்று அது போட்டிருக்கும் திட்டத்துக்கு (லோக்கல் பிளான்) மதிப்புக் குறைந்துவிடும், கவுன்சில் மறுத்த அனுமதியை பில்டர் மேல்முறையீட்டில் வாங்கிவிடுவார். தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயரில் 2014இல் வாட்டர்பீச் கிராமத்து மேல்முறையீடுகளில் இதுதான் நடந்தது, 2018இல் புதுத் திட்டம் நிறைவேறும் வரை கிராமத்து ஓரங்களிலெல்லாம் ஐம்பது, நூறு என்று விண்ணப்பங்கள் குவிந்தன. என்னைக் கேட்டால் இது பெரிய டவுனைவிட மோசம். ஐம்பது வீட்டுக்கு யாரும் பள்ளி கட்டித் தர மாட்டார்கள், சர்ஜரி தர மாட்டார்கள், ஏற்கெனவே நிறைந்து வழிகிற கிராமத்துப் பள்ளியில் இன்னும் இரண்டு மேசையைப் போடுவார்கள், அவ்வளவுதான். பத்தாயிரம் வீடு என்றால் பள்ளியைக் கேட்டு வாங்க முடியும். அதனால் நான் பெரிய திட்டங்களின் பக்கம்தான், ஆனால் மில்டன் கீன்ஸ் மாதிரி செய்தால். அங்கே 1967இல் அரசு அமைத்த வளர்ச்சிக் கழகம் நிலத்தை விவசாய விலையை ஒட்டியே வாங்கி, கட்டக் கட்ட ஏறிய மதிப்பை அந்த ஊருக்கே செலவழித்தது. சாலைகளைப் போட்டு, மரங்களை வைத்து, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பழைய கிராமங்களை அவற்றின் சர்ச்சும் பொதுத்திடலும் கலையாமல் சாலைகளுக்கு இடைப்பட்ட சதுரங்களுக்குள் பத்திரமாக வைத்தது. இப்போதோ நில மதிப்பின் பெரும்பகுதி முதலிலேயே நிலச் சொந்தக்காரர் கைக்குப் போய்விடுகிறது, மிச்சத்தில்தான் பள்ளிக்கும் பார்க்குக்கும் பேரம் பேசுகிறார்கள். நார்த்ஸ்டோ முதல் கட்டத்தில் வாங்கத்தக்க விலை வீடுகள் (சந்தை விலைக்கும் வாடகைக்கும் குறைவாகக் கொடுப்பவை) 20 சதவீதம்தான், மாவட்டத்தின் பொது விதி 40 சதவீதம். பேரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இதிலேயே தெரியும்.

சரி, அந்தப் பேரம் எழுதப்படுகிற காகிதத்துக்கு வருவோம், உங்களுக்கு முக்கியமானது இதுதான். அனுமதி கொடுக்கும்போது கவுன்சிலும் நிலச் சொந்தக்காரரும் பில்டரும் போடுகிற ஒப்பந்தத்துக்கு செக்‌ஷன் 106 என்று பெயர், 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவிலிருந்து வருவது. கவுன்சிலின் பிளானிங் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நூறு பக்கம், இருநூறு பக்கம் இருக்கும், பயந்துவிடாதீர்கள். பின்னால் இருக்கிற அட்டவணைகளுக்கு நேராகப் போங்கள். "இத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறுவதற்கு முன் பள்ளிக்கான நிலத்தை ஒப்படைக்க வேண்டும்", "இத்தனையாவது வீட்டுக்கு முன் சமூகக் கூடம் கட்ட வேண்டும்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் வருஷம் இருக்காது, வீட்டு எண்ணிக்கைதான் இருக்கும். விற்பனைக்காரர் "2 வருஷத்தில் எல்லாம் வந்துவிடும்" என்று சிரித்த முகத்தோடு சொல்வார், அவர் கையில் அப்படி ஒரு தேதியே கிடையாது. இதுவரை எத்தனை வீட்டில் ஆள் வந்திருக்கிறது, வருஷத்துக்கு எத்தனை கட்டுகிறார்கள் என்று கவுன்சிலில் கேட்டு, அதை வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். எம்.பி.யாக இருந்த ஆலிவர் லெட்வின் 2018இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே இருக்கிறது: சுற்றுவட்டாரத்தில் விலை இறங்காமல் எவ்வளவு விற்க முடியுமோ அந்த வேகத்தில்தான் பில்டர்கள் கட்டுகிறார்கள். சந்தை மந்தமானால் வீடுகளின் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும், பள்ளியும் கூடமும் அதற்குத் தக்கபடி தள்ளிப்போகும். "லாபம் வரவில்லை" என்று காட்டி ஒப்பந்தத்தையே திருத்தக் கேட்பதும் உண்டு, அந்தத் திருத்த விண்ணப்பங்களும் அதே தளத்தில் இருக்கும்.

வீடு வாங்குமுன் பார்க்க வேண்டிய மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலையையும் பார்க்கையும் கவுன்சில் ஏற்றுக்கொள்ளுமா, இல்லை தனியார் நிர்வாகக் கம்பெனியிடம் இருக்குமா என்று உங்கள் சொலிசிட்டரிடம் (வீட்டுப் பத்திரம் பார்க்கிற வக்கீல்) எழுத்தில் கேளுங்கள். தனியாரிடம் என்றால் கவுன்சில் டாக்ஸுக்கு மேலே எஸ்டேட் சார்ஜ் என்ற பராமரிப்புக் கட்டணம் வருஷா வருஷம் வரும், ஏற்றத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புல் வெட்டுகிற காசு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டது, இன்றைக்கு விற்கப் போனால் வாங்க வருகிறவரின் வக்கீல் அந்த ஒரு பக்கத்தில்தான் வந்து நிற்கிறார். எதிரே தெரிகிற பச்சை வயல் அடுத்த கட்டமா என்பதை லோக்கல் பிளான் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15, உயர்நிலைக்கு அக்டோபர் 31, வீடு முடியும் தேதியை அதோடு பொருத்திப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜ் குடிக்கிற தண்ணீர் அநேகமாக முழுக்கவும் நிலத்தடி சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருகிறது. அதை உறிஞ்ச உறிஞ்ச இந்தப் பகுதியின் ஓடைகள் மெலிகின்றன. அதைச் சொல்லித்தான் சுற்றுச்சூழல் முகமை 2023இல் இங்கே பல பெரிய வீட்டுத் திட்டங்களுக்கு ஆட்சேபம் எழுப்பியது. வெளியிலிருந்து குழாயும் புது நீர்த்தேக்கமும் திட்டத்தில் இருக்கின்றன, நீர்த்தேக்கம் 2030களின் நடுப்பகுதிக்கு முன் வராது. கிராமத்துக்காரர்கள் ஓடையைப் பற்றிப் பேசினால் சாக்கு சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதை நான் மிகவும் ஆசைப்பட்டுச் சொல்கிறேன். நீங்கள் இந்தியக் குடிமகன், காமன்வெல்த் நாட்டுக்காரர், முறையான விசாவில் இங்கே குடியிருக்கிறவர். அதனால் வந்த உடனேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், கவுன்சில் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்த பிறகுதான் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். ஒரு பாரிஷ் (ஊர் அளவிலான உள்ளாட்சி) தன் பகுதியில் எங்கே, எப்படிக் கட்டலாம் என்று அண்டைப்பகுதித் திட்டம் எழுதினால் அதன் மேல் நடக்கும் பொது வாக்கெடுப்பிலும் உங்களுக்கு ஓட்டு உண்டு. அப்படித் திட்டம் நிறைவேற்றிய பாரிஷுக்கு, புதுக் கட்டடங்கள் மேல் மாவட்டம் கட்டமைப்பு வரி வசூலிக்கிற இடங்களில், அந்த வரியில் 25 சதவீதம் போகும், திட்டம் இல்லாத பாரிஷுக்கு 15 சதவீதம். நிரந்தர வசிப்புரிமை வந்தபின் பாரிஷ் கவுன்சிலுக்கு நீங்களே நிற்கவும் செய்யலாம்.

புது விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள் தருவார்கள். "என் வீட்டு விலை குறையும்", "ஜன்னல் காட்சி போகும்" என்று எழுதினால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வெள்ளம், போக்குவரத்து, பள்ளி இடம், பக்கத்து வீட்டின் மேல் நிழல் விழுவது என்று எழுதினால் எடுத்துத்தான் ஆக வேண்டும். கிராமத்துப் பெரியவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள், போய் உட்கார்ந்தால் சொல்லித் தருவார்கள். இங்கே ஒரு சர்ஜரிக்காகப் புதுக் குடியிருப்புக்காரர்களும் பழைய கிராமத்துக்காரர்களும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பேச்சே நகர்ந்தது. அதுவரை இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதிய கடிதங்களுக்கு ஒரே மாதிரி நன்றிப் பதில்தான் வந்துகொண்டிருந்தது.

எனவே என் யோசனை இது. குடும்பம் வரும்போது லாங்ஸ்டான்டனிலோ நார்த்ஸ்டோவிலோ முதலில் வாடகைக்கு இருங்கள், ஒரு குளிர்காலமாவது. மழை நாளில் நீங்கள் பார்த்துவைத்த மனையின் பக்கம் நடந்து பாருங்கள், காலை எட்டு மணிக்கு சர்ஜரிக்கு போன் போட்டுப் பாருங்கள், வார நாளில் பஸ்வேயில் வேலைக்குப் போய்ப் பாருங்கள், பாரிஷ் கூட்டத்துக்கு ஒரு மாலை போய் வாருங்கள். அதற்குள் செக்‌ஷன் 106 அட்டவணையையும் படித்துவிடலாம். வீடு எந்தக் கட்டத்தில் வருகிறது என்றும் விண்ணப்ப எண்ணையும் அனுப்புங்கள், எந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.