சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது: பழைய கார் கேள்வி - பதில்

கேள்வி: என்னுடையது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது. இன்ஜின் சூடேறி சோக்கை உள்ளே தள்ளியபின் சிக்னலில் நின்றால் நடுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருந்தால் நிற்பதில்லை. 60 கி.மீ. வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று, இரண்டு முறை கார்புரேட்டர் டியூனிங்கும் செய்தாயிற்று. அடுத்து என்ன பார்ப்பது? - வாசகர், மதுரை

பதில்: பம்ப் மாற்றியது வீண் செலவு. பெட்ரோல் வரத்து குறைந்திருந்தால் வண்டி முதலில் வேகத்தில்தான் திணறும். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, அது குடிப்பது மிகச் சொற்பம். சோக் போட்டால் சரியாகிறது, மிதித்தால் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஐட்லிங் நேரத்தில் மட்டும் கலவையில் பெட்ரோல் குறைகிறது, அல்லது எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது.

இதை உறுதி செய்துகொள்ள ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சூடான இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் வாயை ஒரு அட்டையால் கால்வாசி மறையுங்கள். நடுக்கம் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம். உங்கள் வண்டியில் முதலாவதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்து கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒற்றை வயரோடு இருக்கும் சொலினாய்டைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஐட்லிங் பெட்ரோல் வழியைத் திறந்துவிடுவது அதன் வேலை. இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ செய்து, அந்த வயரைக் கழற்றி மாட்டுங்கள். ‘டிக்’ என்று தெளிவாகச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். கரன்ட் வந்தும் சத்தம் இல்லை என்றால் சொலினாய்டு போய்விட்டது. இது வேலை செய்யாத கார்புரேட்டரை எத்தனை முறை டியூன் செய்தாலும் ஐட்லிங் நிலைக்காது.

சத்தம் வந்தால் ஸ்லோ ஜெட்டை (ஐட்லிங் பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் போதும். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்த அனுமதிக்காதீர்கள். பித்தளைத் துளை துளியளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும், பிறகு ஜெட்டையே மாற்ற வேண்டும்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் போதும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது கார்புரேட்டருக்கு அடியில் உள்ள தடித்த கேஸ்கட், இன்டேக் மேனிஃபோல்ட் (கலவை இன்ஜினுக்குள் போகும் குழாய்) சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடம், ஒவ்வொரு வேக்குவம் ஓஸின் முனை என்று ஓரிடம் முடித்து அடுத்த இடம் போங்கள். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தண்ணீர் படக்கூடாது. எந்த இடத்தில் அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சிலர் பெட்ரோலை அடித்துப் பார்க்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால் நிறுத்தியபடி பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். ஐட்லிங் விழுந்து விழுந்து எழுந்தால் பூஸ்டரின் உள்சவ்வோ அதன் ஓஸோ கிழிந்திருக்கலாம்.

இவை எல்லாம் சரியான பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, சோக் முழுக்க உள்ளே போய், ஹெட்லைட்டும் ஏ.சி.யும் ஆஃபில் இருக்கும்போது ஐட்லிங்கைச் சுமார் 900 ஆர்.பி.எம்.மில் வையுங்கள். ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை இன்ஜின் தடுமாறும் வரை மெதுவாக உள்ளே திருப்பி, பிறகு சத்தம் சீராகும் வரை வெளியே கொண்டு வாருங்கள். வேகம் கூடியிருந்தால் மறுபடி 900க்கு இறக்குங்கள். திருப்பியும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அடைப்போ கசிவோ இன்னும் பாக்கி இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சூட்டில் மட்டும் நடுக்கம் நீடித்தால் வால்வ் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கு விட வேண்டிய சிறு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருக்கும் வால்வ், சூடேறி விரிந்ததும் முழுசாக மூடாமல் கம்ப்ரஷனை விட்டுவிடும். சத்தம் போடாத வால்வ் நல்ல வால்வ் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல.

கேள்வி: எங்கள் 1999 மாடல் காருக்குப் புகைப் பரிசோதனை செய்தபோது சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 0.8 சதவீதம், எச்.சி. (ஹைட்ரோகார்பன்) 2,400 பி.பி.எம். என்று வந்து ஃபெயில் ஆகிவிட்டது. வண்டியும் ஐட்லிங்கில் மிஸ் அடிக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? - வாசகி, கோவை

பதில்: நிச்சயமாக உண்டு. உங்கள் காலத்து வண்டிக்கு வரம்பு சி.ஓ. 3 சதவீதம், எச்.சி. 1,500. பெட்ரோல் கூடுதலாகப் போய் அரைகுறையாக எரிந்தால் சி.ஓ. ஏறும். உங்களுக்கு அது குறைவு, எரியாத பெட்ரோலைக் காட்டும் எச்.சி.தான் அதிகம். ஏதோ ஒரு சிலிண்டர் தீப்பிடிக்காமலே பெட்ரோலை வெளியே தள்ளுகிறது.

எந்தச் சிலிண்டர் என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கார்புரேட்டர் வண்டி என்றால் ஐட்லிங்கை 1,200 அளவுக்கு ஏற்றி வைத்து, இன்ஜினை அணைத்து, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். அந்த வயரில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உடல் இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மற்ற சிலிண்டர்களுக்கும் இப்படியே. எந்த வயரைக் கழற்றியும் இன்ஜின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அதன் பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறையும் கூடவே போனால் பிளக். போகாவிட்டால் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கடைசியில் கம்ப்ரஷன் என்று போக வேண்டும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் (பொறிக்காகக் கரன்ட்டைத் துண்டித்துச் சேர்க்கும் முனை) உள்ள வண்டியானால் பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ.

எல்லாச் சிலிண்டர்களும் ஒரே மாதிரி தடுமாறினால் குறை ஒரு சிலிண்டரில் இல்லை. மேலே மதுரை வாசகருக்குச் சொன்ன காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

கேள்வி: 2004 மாடல் ஆல்ட்டோ, எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோல் பீய்ச்சும் வகை). ஐட்லிங் தானாக ஏறி இறங்குகிறது, பிரேக் பிடித்து நிற்கும்போது சில நேரம் ஆஃப் ஆகிறது. ஸ்க்ரூ வைத்து ஐட்லிங்கை ஏற்றலாமா? - வாசகர், திருச்சி

பதில்: கூடாது. த்ராட்டில் தகட்டைத் தாங்கும் ஸ்க்ரூவைத் திருப்பினால், கால் ஆக்சிலரேட்டரில் இல்லை என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகலாம். ஐட்லிங்கைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் பாடியில் உள்ள ஐட்லிங் வால்வ். பெரும்பாலும் அதிலும் தகட்டின் விளிம்பிலும் கரி படிந்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். பிறகு இன்ஜினைச் சூடேறவிட்டு, பத்து நிமிடம் எதையும் தொடாமல் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள்.

குறை தீராவிட்டால் கூலன்ட் வெப்ப சென்சாரை மல்டிமீட்டரில் அளக்கலாம். இந்த வகை சென்சார் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 0.3 கிலோ ஓம் காட்டும். சூட்டிலும் பெரிய எண்ணைக் காட்டினால், இன்ஜின் இன்னும் குளிரில் இருப்பதாக எண்ணி கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய கார் திடீரென்று நின்று, கால் மணி நேரம் ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோலா, கரன்ட்டா? - வாசகர், வேலூர்

பதில்: நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நின்றால் இக்னிஷன் காயில், கண்டென்சர் பக்கம். இழுத்து இழுத்துத் திணறி நின்றால் பெட்ரோல் வரத்து. நின்ற உடனே, ஆறுவதற்குள், ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி இரும்பில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் கரன்ட் சரி. ஆறிய பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை, எல்லாம் நன்றாகவே தெரியும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து என் கார்புரேட்டர் வண்டி ஐட்லிங்கில் கொஞ்சம் நடுங்குகிறது. பிரமையா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: பிரமை இல்லை. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக பங்க்குகளுக்கு வந்தது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. கம்ப்யூட்டர் வண்டி ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அது தெரியாது. மேலே சொன்ன முறையில் மிக்ஸர் ஸ்க்ரூவை மறுபடி செட் செய்யுங்கள். அதைவிட முக்கியம், பழைய ரப்பர் பெட்ரோல் ஓஸ்களை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அன்றே எத்தனால் தாங்கும் ஓஸாக மாற்றுங்கள், கசியும் ஓஸ் நெருப்புக்கு வழி. கூடவே பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். டேங்கில் ஒட்டியிருந்த பழைய கசடு எத்தனாலில் இளகி அங்கேதான் வந்து சேரும்.