கல்லூரி முதல்வரிடம் கொடுத்த மனு புகார் ஆகாது

கேள்வி: அரசு உதவிபெறும் கல்லூரியின் தத்துவத் துறையில் நான் ஒருத்திதான் பெண். 'லாஜிக் எல்லாம் பெண்களுக்கு வராது' என்பார் துறைத்தலைவர். இரவில் வாட்ஸ்அப்பில் ஆபாசமாக எழுதினார். கடைசிச் செய்தி மார்ச் 11. கண்டித்ததும் நான் நடத்திவந்த எம்.ஏ. பேப்பரை (பாடத்தை) பறித்தார். ஜூலையில்கூடக் கருத்தரங்குக்கு விடவில்லை. ஏப்ரலில் கல்லூரி முதல்வரிடம் மனு கொடுத்தேன், பதிலே இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது மார்ச் 11 என்ற தேதி மட்டும்தான். 'லாஜிக் வராது' என்ற பேச்சு அவமானம்தான், ஆனால் அதை மட்டும் வைத்துப் புகார் நிற்காது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள், முதல்வரிடம் அல்ல, இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அது ஜூனில் முடிந்துவிட்டது. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். செப்டம்பர் 11-க்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை.

'ஜூலையிலும் தொந்தரவு செய்தாரே, அதிலிருந்து எண்ணலாமே' என்று என்னிடம் வந்த பலரும் ஏமாந்திருக்கிறார்கள். கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர், 2023 ஏப்ரலில் துணைவேந்தர் பாலியல் தொந்தரவு செய்தார் என்று டிசம்பரில் புகார் கொடுத்தார். பிறகு தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அதன் தொடர்ச்சிதான் என்றார். அது தனி நிர்வாக நடவடிக்கை என்றது உச்ச நீதிமன்றம். 2025-இல் வந்த அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் சுயவிவரத்தில் சேர்க்க நீதிபதிகளே சொன்னார்கள்; ஆனாலும் புகார் காலம் கடந்ததுதான். படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

உங்கள் மனு நகலைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் டைம்டேபிள். வாட்ஸ்அப் பற்றி 'மற்றும் தனிப்பட்ட தொந்தரவுகள்' என்று மூன்றே சொற்கள். ஆனால் ஓரத்தில் கல்லூரி அலுவலகத்தின் ஏப்ரல் முத்திரை இருக்கிறது. 'முதல்வர் நடவடிக்கை எடுப்பார் என்று காத்திருந்தேன்' என்று அதையே தாமதத்துக்குக் காரணமாகக் காட்டுங்கள். புதுப் புகாரில் செய்திகள் முதலில் வரட்டும். இணங்காததால்தான் பேப்பர் போனது என்பதை அவற்றோடு சேர்த்து எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஆசிரியர்கள் குரூப்பில் ஒரு வரிகூட வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அப்புறம், உங்களுக்கு வேண்டியது பேப்பர் திரும்புவதும் அவர் கீழ் வேலை செய்யாமல் இருப்பதும்தான் என்றால், விசாரணை தொடங்கும் முன் குழுவிடம் சமரசம் கேளுங்கள். நான் அதைத்தான் சொல்வேன். பணத்தை வைத்துச் சமரசம் செய்யச் சட்டம் விடாது. கையெழுத்துப் போட்டபின், அவர் நிபந்தனையை மீறினால் ஒழிய விசாரணை கிடையாது. அதனால் 'இனி மரியாதையாக நடப்பார்' என்ற வரியை ஏற்காதீர்கள். எந்தப் பேப்பர், எந்த செமஸ்டரிலிருந்து, உங்கள் விடுப்பில் யார் கையெழுத்திடுவார் என்று எழுதி வாங்குங்கள்.