சோப்புக்கு நீலம் போடலாமா?

கேள்வி: செக்குல ஆட்டுன தேங்காயெண்ணெயில வீட்டுக்கு மட்டும் சோப்புப் போடறேனுங்க. நிறத்துக்கு அல்ட்ராமெரைன் நீலம் வாங்கியாந்தேன். மருமக, "இது துணிக்குப் போடற நீலம்ங்க அத்தை, ஒடம்புக்கு ஆகாது"ங்கறா. நெசமுங்களா?
– வாசகி, காங்கயம்

பதில்: மருமகள் சொன்னது பாதி சரி. சலவைக்கான நீலத்தூளும் இதுவும் அடிப்படையில் ஒரே சரக்குதான். வெண்களிமண், சோடா, கந்தகம், கரி சேர்த்துச் சூளையில் சுட்டு எடுப்பது. செயற்கையாகச் செய்யும் வழி 1820களில் பிடிபட்டது. தண்ணீரிலும் எண்ணெயிலும் கரையாது, ஆகவே தோலுக்குள் இறங்காமல் கழுவினால் போய்விடும். வேறுபாடு சுத்தத்தில் இருக்கிறது. அழகுசாதனத்தில் சேர்க்கும் இந்த நீலத்தில் ஈயம் 20, ஆர்சனிக் 3, பாதரசம் 1 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க விதி. சலவை நீலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டப்பாவில் 'சிஐ 77007' என்ற இந்த நீலத்துக்கான நிற எண் இருக்கிறதா பாருங்கள். கடைக்காரரிடம் பரிசோதனைச் சான்றும் கேளுங்கள்.

வாங்கியது அல்ட்ராமெரைன்தானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சிட்டிகைத் தூளில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். நீலம் வெளுத்து, அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தால் அதுதான். (மேற்பூச்சுக் கொடுத்த ரகம் மட்டும் வெளுக்காமல் தாக்குப்பிடிக்கும்.) சுத்தமானதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, சான்றுதான் சொல்லும். பிரஷ்யன் நீலம் என்ற வேறொரு நீலத்தூளை மாற்றிக் கொடுத்துவிட்டால் சோப்பின் காரத்தில் அது பழுப்பாகிவிடும். அல்ட்ராமெரைனுக்குக் காரம் ஒத்துப்போகும், அமிலம்தான் ஆகாது.

ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் போதும். தூளை நேரே போசியில் கொட்டினால் கட்டிகட்டியாக நின்று, சோப்பில் நீலப்புள்ளி விழும். ஒரு மேசைக்கரண்டி கிளிசரினில் முதலில் மைபோலக் குழைத்து, கலவை கெட்டிப்படத் தொடங்கும்போது ஊற்றிக் கலக்குங்கள். அளவு கூடினால் நுரையே நீலமாகும், வெள்ளைத் துண்டு பாழ். காரம் வேலை செய்யும்போது கந்தக வாடை லேசாக எழலாம். சோப்பு காயக் காயப் போய்விடும். தூளை அளக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பறக்கிற தூசுதான் தொந்தரவு. நாளைக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் அழகுசாதனத் தயாரிப்பு உரிமம் வேண்டும்.

கேள்வி: அதே நீலத்தை லிப் பாமில் சேர்க்கலாமா?
– கல்லூரி மாணவி, கோபி

பதில்: வேண்டாம். கண்ணைச் சுற்றிப் பூச அனுமதிக்கும் அமெரிக்க விதியே உதட்டுக்கு விலக்கி வைத்திருக்கிறது. நகப்பூச்சில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.