கேள்வி நேரம்: கிளவுட் சர்டிபிகேட் எடுத்தால் வேலை மாறுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தையே சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. அதனால் மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் நான்கு வருடமாக ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறேன். பாஸ்வேர்ட் ரீசெட், பிரிண்டர், விபிஎன், திரும்ப பாஸ்வேர்ட் ரீசெட். பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். அஸூர் அட்மினிஸ்ட்ரேட்டர் சர்டிபிகேட் எடுத்தால் இதிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்கிறார்கள். ஒரு பயிற்சி சென்டரில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்டாம். சேரலாமா? (சேலத்துக்காரர், வயது 28)

பதில்: தேர்வை எழுதுங்கள், சென்டரில் சேராதீர்கள்.

தம்பி, இந்த சர்டிபிகேட்டால் யாருக்காவது உண்மையிலேயே பலன் உண்டு என்றால் அது உங்களைப் போல ஏற்கெனவே ஐடிக்குள் ஒரு ஓரத்தில் மாட்டிக்கொண்டு இருப்பவருக்குத்தான். நீங்கள் சொல்வது ஏஇசட்-104 தேர்வு, கம்ப்யூட்டர்களை இணையம் வழியாக வாடகைக்கு விடும் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூருக்கானது. அதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை யூசர், குரூப், யாருக்கு எந்த அனுமதி என்பதைப் பற்றியே வரும். அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்று இருந்ததை 2023இல் என்ட்ரா ஐடி என்று பெயர் மாற்றினார்களே, அதேதான். ராத்திரி ராத்திரியாக நீங்கள் ரீசெட் செய்து கொடுக்கும் பாஸ்வேர்ட் எல்லாம் அந்த அத்தியாயம். மீதி ஸ்டோரேஜ், விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கும் கம்ப்யூட்டர்), நெட்வொர்க், கண்காணிப்பும் பேக்கப்பும். இதில் நெட்வொர்க்தான் ஹெல்ப் டெஸ்க்காரர்களைக் கவிழ்க்கும், அதற்கு மட்டும் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

இன்னொரு விஷயம், இதை சென்டர்காரர்கள் சொல்ல மாட்டார்கள். இந்த சர்டிபிகேட் உங்களுக்குத் தேவைப்படுவதைப் போல உங்கள் கம்பெனிக்கும் தேவைப்படலாம். மைக்ரோசாஃப்ட் தன் பார்ட்னர் கம்பெனிகளுக்கு ஒரு அந்தஸ்து கொடுக்கிறது. அதற்கு மார்க் போடும்போது, எத்தனை ஊழியர்கள் குறிப்பிட்ட தேர்வுகளை முடித்திருக்கிறார்கள் என்று தலையை எண்ணுகிறது. அமேசானின் பார்ட்னர் திட்டத்திலும் இதே தலை எண்ணும் வேலை உண்டு. அந்த அந்தஸ்து இருந்தால் கிளையன்ட்டிடம் பேசும்போது கம்பெனிக்கு வசதி. அதனால்தான் பல சர்வீஸ் கம்பெனிகள் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டுகின்றன, அல்லது பாஸ் ஆனபின் திருப்பித் தருகின்றன. கையிலிருந்து பணத்தை எடுக்கும் முன் உங்கள் மேனேஜரிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுச் சொந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் ஓசியில் எழுதினார் என்று பிறகு தெரிந்து நொந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உள்ளேயே முயற்சி செய்யுங்கள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். வெளியே அனுப்பும் ரெஸ்யூமில் நீங்கள் 'நான்கு வருட ஹெல்ப் டெஸ்க், ஒரு சர்டிபிகேட்'. அவ்வளவுதான். உள்ளே அப்படி இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தபோது போனை எடுத்த ஆள் நீங்கள் என்று கிளவுட் டீமில் நாலு பேருக்காவது தெரியும். அந்த நாலு பேர் இருக்கும் டீமில் ஒரு இடம் காலியாகும்போது உங்கள் கையில் சர்டிபிகேட் இருந்தால், ஹெச்.ஆர். மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். அங்கே ஒரு வருடம் வேலை பார்த்தபின் வெளியே போங்கள், சம்பளம் அப்போது பேசும்.

செலவுக் கணக்கு: தேர்வுக் கட்டணம் இந்தியாவில் 5,000 ரூபாயை ஒட்டி, வரி தனி. பாடம் முழுக்க மைக்ரோசாஃப்ட் லேர்னில் இலவசம், மாதிரித் தேர்வும் இலவசம். அப்புறம் 45,000 எதற்கு? ஆயிரத்துக்கு 700 எடுத்தால் பாஸ். 2023இலிருந்து தேர்வு எழுதும்போதே லேர்ன் பக்கங்களைத் திறந்து பார்க்கவும் விடுகிறார்கள், ஆனால் கடிகாரம் நிற்காது. எல்லாவற்றையும் தேடிப் பார்க்கலாம் என்று போனவர் பாதியைக்கூட முடிக்க மாட்டார். ஒரு வருடம்தான் செல்லுபடி. முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஒரு சின்னத் தேர்வு எழுதிப் புதுப்பித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. தேதியைத் தவறவிட்டால் முதலிலிருந்து முழுத் தேர்வு.

கையால் செய்து பழக, புதுக் கணக்குக்கு 200 டாலர் கிரெடிட் தருகிறார்கள், 30 நாளில் காலாவதியாகிவிடும். அதனால் பாதிப் பாடமாவது முடித்துவிட்டுக் கணக்கைத் திறங்கள். அதில் முதல் நாளே இதைச் செய்து பாருங்கள். ஒரு விண்டோஸ் மெஷினை உருவாக்கி, உள்ளே போய், வீட்டு கம்ப்யூட்டரை அணைப்பது போல ஷட் டவுன் கொடுங்கள். அப்புறம் அஸூரின் நிர்வாக வலைப்பக்கமான போர்ட்டலில் வந்து பாருங்கள், 'ஸ்டாப்டு' என்று மட்டும் இருக்கும், மெஷினுக்கான வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டலிலிருந்தே ஸ்டாப் கொடுத்தால் 'ஸ்டாப்டு (டீஅலோகேட்டட்)' என்று மாறும், அப்போதுதான் அந்த வாடகை நிற்கும். அப்போதும் டிஸ்க்குக்குக் காசு உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத சர்டிபிகேட்காரர்கள் என் முன்னால் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: என் மகன் பி.காம். முடித்துவிட்டு 'கிளவுட்' படிக்கப் பணம் கேட்கிறான். மேகத்தில் என்ன வேலை இருக்கிறது, எனக்குப் புரியும்படி சொல்லுங்கள். (கரூரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: மேகத்தில் ஒன்றுமே இல்லை ஐயா, எல்லாம் தரையில்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 'சவுத் இந்தியா' என்று பெயர் வைத்திருக்கும் ரீஜன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் இடம்) 2015இலிருந்து நம் சென்னையில்தான் ஓடுகிறது. அமேசானுக்கு மும்பையில் 2016இலும் ஐதராபாத்தில் 2022இலும் வந்தது. அவர்கள் கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள், அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்ததில் யாரிடம் எந்தச் சாவி, எந்தக் கதவு திறந்து கிடக்கிறது, ஆளில்லாத ரூமில் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்பவர்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். பி.காம். ஒரு தடையே இல்லை, தேர்வெழுத எந்த டிகிரியும் கேட்பதில்லை. ஆனால் உடனே பணம் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் இலவசப் பாடத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வாரமும் படித்துக்கொண்டிருந்தால் கொடுங்கள்.

கேள்வி: பி.இ. இசிஇ கடைசி வருடம். ஏஇசட்-900, அமேசான் கிளவுட் பிராக்டிஷனர், இன்னொன்று என மூன்று சர்டிபிகேட் வைத்திருக்கிறேன். லிங்க்ட்இன்னில் போட்டதற்கு லைக் வருகிறது, இன்டர்வியூ வரவில்லை. அடுத்து எதை எடுக்கலாம்? (திருநெல்வேலி வாசகி)

பதில்: அடுத்து எதையும் எடுக்காதீர்கள்.

நீங்கள் எடுத்ததில் நீங்கள் பெயர் சொன்ன இரண்டுமே அரிச்சுவடி. விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள், மேனேஜர்கள் எல்லோரும் எழுதுவது. அதில் தப்பில்லை, ஆனால் ஒரு சர்வரைக்கூடத் தொடாமல் பாஸ் ஆகிவிடலாம் என்பது இன்டர்வியூ எடுப்பவருக்குத் தெரியும். நான்காவதாக ஒன்று வந்தால் நாலு அரிச்சுவடி ஆகும்.

அதற்குப் பதில் ஒன்றைக் கட்டுங்கள், பிறகு உடையுங்கள். அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு விபிசி (உங்களுக்கென்று ஒரு தனி நெட்வொர்க்), அதில் இரண்டு சப்நெட் (அதன் உட்பிரிவுகள்), ஒன்றில் ஒரு சின்ன லினக்ஸ் சர்வர், அதில் உங்கள் காலேஜ் சிம்போசியத்துக்கு ஒரு பக்கம். ஓடுகிறதா? சரி. இப்போது நெட்வொர்க் ஏசிஎல்லை, அதாவது சப்நெட்டின் வாசலில் இருக்கும் அனுமதிப் பட்டியலை, மாற்றுங்கள். உள்ளே வர 80ஆம் போர்ட்டை (வலைப்பக்கம் கேட்பவர் வரும் கதவு எண்) அனுமதித்துவிட்டு வெளியே போகும் வழியை முழுக்க அடைத்துவிடுங்கள். பக்கம் திறக்காது. சர்வருக்கே உரிய காவல் விதிகளான செக்யூரிட்டி குரூப்பில் எல்லாம் சரியாக இருக்கும், சர்வரும் ஓடும், ஆனாலும் திறக்காது. ஏன்? செக்யூரிட்டி குரூப் உள்ளே வந்தவரை ஞாபகம் வைத்துக்கொண்டு பதிலைத் தானாக வெளியே விடும். ஏசிஎல்லுக்கு ஞாபகமே கிடையாது, போகும் வழிக்குத் தனியாக அனுமதி வேண்டும், அதுவும் 80க்கு இல்லை, எதிர்முனை கேட்டு வாங்கியிருக்கும் 1024க்கு மேற்பட்ட ஏதோ ஒரு போர்ட்டுக்கு. புத்தகத்தில் இது ஒரே வரி. நீங்களே உடைத்து, இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கண்டுபிடித்து எழுதி வைத்தால் அது இன்டர்வியூவில் பத்து நிமிஷப் பேச்சு. அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் அவர்கள் ஆள் தேடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை, என் காசில் கற்றது. சோதனைக்காக ஒரு நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் பொது வழி) போட்டேன். வேலை முடிந்து சர்வர்களை எல்லாம் அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன், கேட்வேயை மறந்துவிட்டேன். மணிக்கு ஆறு சென்ட்கூட இல்லை, ஆனால் அது ராத்திரி பகல் பார்ப்பதில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 80 டாலருக்கு மேல். பதறிப்போய் கேட்வேயை அழித்தேன், அதனுடன் இருந்த ஐபி முகவரியை விடுவிக்க மறந்தேன், அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது! கணக்கைத் திறந்தவுடன் முதல் வேலையாக பில்லிங் அலாரம் வையுங்கள், சர்வர் எல்லாம் அப்புறம்.

கேள்வி: அமேசானா, அஸூரா, கூகுளா? (பலர்)

பதில்: நீங்கள் வேலை பார்க்க நினைக்கும் ஊரில் வரும் விளம்பரங்களில் ஒரு இருபதைத் திறந்து, எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். விண்டோஸ், ஆக்டிவ் டைரக்டரி, அவுட்லுக் என்று ஏற்கெனவே குடித்தனம் நடத்தும் கம்பெனிகள் பெரும்பாலும் அஸூர் பக்கம் சாயும், ஸ்டார்ட்அப்கள் அமேசான் பக்கம். ஒன்றை ஆழமாகப் படித்தால் மற்றது ஒரு மாத வேலை. மூன்றையும் ஒன்றாக ஆரம்பிப்பவர் எதையும் முடிப்பதில்லை.

கேள்வி: டம்ப்ஸ் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி-விடைத் தொகுப்பு) படித்து பாஸ் பண்ணிவிட்டேன். இப்போது இன்டர்வியூ வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது. கண்டுபிடித்துவிடுவார்களா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: கண்டுபிடித்துவிடுவார்கள். நானே கண்டுபிடிப்பேன், கஷ்டமே இல்லை. அஸூரில் ஸ்லாஷ் 24 சப்நெட்டில், அதாவது 256 முகவரி கொண்ட உட்பிரிவில், எத்தனை மெஷின் வைக்கலாம் என்று கேட்பேன். 256 என்றால் நெட்வொர்க் தெரியாது, 254 என்றால் பழைய நெட்வொர்க் தெரியும், 251 என்றால் கிளவுட் தெரியும் அல்லது டம்ப்ஸ் தெரியும். எது என்று பார்க்க, சரி, ஸ்லாஷ் 29இல் எத்தனை என்பேன். ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரியை அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று புரிந்தவர் அதன் மொத்த முகவரி எட்டில் ஐந்து போக மூன்று என்று உடனே சொல்லிவிடுவார். மனப்பாடம் செய்தவர் மேலே ஃபேனைப் பார்ப்பார்.

தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் இப்படிச் செய்தால் சர்டிபிகேட்டையே ரத்து செய்யலாம் என்று இருக்கிறது, படித்திருக்க மாட்டீர்கள். நடந்தது நடந்துவிட்டது. இன்டர்வியூவுக்குத் தேதி எப்போது என்று சொல்லவில்லை, பத்து நாள் இருந்தால்கூடப் போதும். அந்த டம்ப்ஸில் இருக்கும் ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து போர்ட்டலில் கையால் செய்து பாருங்கள். அதில் சில விடைகள் தப்பு என்பது உங்களுக்கே தெரியவரும்.

கேள்வி: வயது 46. கோவையில் ஒரு மில்லின் சர்வர் ரூமைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், முழுக்க லினக்ஸ். இப்போது எல்லாவற்றையும் அமேசானுக்கு மாற்றப் போகிறார்கள். இந்த வயதில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதி என்ன ஆகப்போகிறது? ஆங்கிலமும் வேகமாகப் படிக்க வராது.

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாற்றப் போகிறார்கள் என்கிறீர்கள். மாற்றப் போவது யார்? பதினெட்டு வருடமாக எந்த பேக்கப் எங்கே போகிறது, எந்த கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஏன் ராத்திரி மூன்று மணிக்கு வைத்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தானே.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை அமெரிக்காவில் சுமார் நான்கு மணி நேரம் படுத்தது. காரணத்தை அவர்களே எழுதி வெளியிட்டார்கள். பில்லிங் தொடர்பான ஒரு கோளாறைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் சில சர்வர்களை மட்டும் எடுக்க வேண்டிய கமாண்டில் ஒன்றைத் தப்பாக அடித்துவிட்டார், எடுக்கக்கூடாததும் சேர்ந்து போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், சேவை படுத்துவிட்டது என்று சொல்ல வேண்டிய அவர்களின் நிலவரப் பலகையும் எஸ்3யை நம்பியே இருந்ததால் அதைக்கூட மாற்ற முடியவில்லை. என்டர் தட்டும் முன் விரலை எடுத்துவிட்டு இன்னொரு முறை படிக்கும் பழக்கம் உங்களுக்கு வந்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்? அதற்குப் பரீட்சை கிடையாது.

ஆனாலும் எழுதுங்கள். மில்லில் யாராவது வெளி ஏஜென்சியைக் கூட்டிவந்து 'எங்கள் ஆட்கள் எல்லாம் சர்டிஃபைடு' என்று சொல்லும் கூட்டத்தில் உங்களிடமும் அந்தத் தாள் இருக்கட்டும். அமேசானில் முன்பு சிஸ்ஆப்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்த தேர்வுக்கு 2025இல் கிளவுட்ஆப்ஸ் இன்ஜினியர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், உங்களுக்கு அதுதான். 150 டாலர், வரி தனி. மூன்று வருடம் செல்லும். 65 கேள்வி, 130 நிமிடம். ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களுக்குக் கூடுதலாக 30 நிமிடம் தருகிறார்கள், கேட்டால் போதும். ஆனால் தேர்வுத் தேதியை பதிவு செய்யும் முன்பே கணக்கில் போய் அந்தச் சலுகையை வாங்கிவிட வேண்டும், பதிவு செய்தபின் கேட்டால் அந்தத் தேர்வுக்குப் பொருந்தாது. வீட்டிலிருந்தும் எழுதலாம், நான் சென்டருக்கே போகச் சொல்வேன். நடுவில் கரண்ட் போனால் யாரிடம் போய் விளக்குவது?