சுவர் ஓட்டையில் பிளாக் விடோ: மருந்துக்கு முன் டார்ச்சை எடுங்கள்

கேள்வி: அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் போன வருடம் வீடு வாங்கிக் குடிவந்தோம். பின்பக்கம் சரளைக்கல் போட்ட தோட்டம், சுற்றிலும் ஹாலோ பிளாக் சுவர். சென்ற வாரம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்தபோது அடியில் பளபளவென்று கருப்பாக ஒரு சிலந்தி, வயிற்றில் சிவப்புக் குறி. படம் அனுப்பியிருக்கிறேன். மாதாமாதம் பூச்சி மருந்து அடிக்க ஆள் வருகிறார். அப்படியிருந்தும் இது எப்படி வந்தது? நான்கு வயதுப் பையன் இருக்கிறான். அக்டோபரில் மதுரையிலிருந்து மாமியார் வருகிறார். வீட்டுக்குள்ளேயும் மூலைகளில் மெலிந்த காலுள்ள சிலந்திகள் நிறைய. என்ன செய்யலாம்?

பதில்: படத்தில் இருப்பது பிளாக் விடோ என்ற விஷச் சிலந்திதான். பெண். வயிற்றின் அடிப்பக்கம் உடுக்கை மாதிரி தெரிகிற சிவப்புக் குறி போதும், வேறு அடையாளம் தேவையில்லை. நாற்காலியைக் கையால் துழாவாமல் கவிழ்த்துப் பார்த்தீர்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மருந்து அடித்தும் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். அநேகமாக நீங்கள் சாவி வாங்குவதற்கு முன்பிருந்தே அந்தச் சுவரில் குடியிருக்கிற வம்சம் அது. மருந்துக்காரர் சுவரின் அடியிலும் வீட்டைச் சுற்றியும் தரையில் ஒரு பட்டையாக அடித்துவிட்டுப் போவார். கரப்பான் பூச்சி அந்தப் பட்டையில் உடம்பு உரச ஓடும், அப்புறம் மீசையையும் காலையும் வாயால் துடைத்துக்கொள்ளும். மருந்து உள்ளே போய்விடும். சிலந்தி அப்படி இல்லை. நுனிக்காலில் நடக்கிற பிராணி, உடம்பு தரையில் படுவதில்லை. கரப்பானைப் போலத் தன்னைத் துடைத்துக்கொள்கிற வழக்கமும் அதற்குக் கிடையாது. அதிலும் பிளாக் விடோ வலையிலேயே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், தரையில் கால் வைப்பதே அபூர்வம். போதாததற்கு இந்த ஊர் வெயில் வேறு. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த வெயிலில் சரளைக்கல் மேல் அடித்த மருந்து எத்தனை நாள் வேலை செய்யும் என்று நினைக்கிறீர்கள்?

அவரை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மருந்தை மட்டும் நம்பினால் மாதாமாதம் காசுதான் போகும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பாலைவனத்தில் வீடு வாங்கினால் சிலந்தி வரத்தானே செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். ஊருக்கு வெளியே, சகுவாரோ கள்ளி நிற்கிற வெற்றுப் பாலைவனத்தில் பிளாக் விடோக்கள் தூரம் தூரமாகத்தான் இருக்கும். நெருக்கியடித்துக் குடியிருப்பது நம் தெருக்களில்தான். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். காரணம் நாம்தான். ஃபீனிக்ஸில் ஆண்டுக்குப் பெய்வது 180 மில்லிமீட்டர் அளவுக்குத்தான், மதுரையில் பெய்வதில் கால் பங்குகூடத் தேறாது. அப்படிப்பட்ட இடத்தில் நாம் சொட்டுநீர்க் குழாய் போட்டு, இரவெல்லாம் விளக்கெரித்து, ஓட்டை ஓட்டையாகச் சுவரும் கட்டிவைக்கிறோம். தண்ணீருக்குச் சிள்வண்டும் கரப்பானும் வரும், விளக்குக்கு விட்டில் வரும், இவற்றைத் தின்னச் சிலந்தி வரும். குடியிருக்கச் சுவர் தயாராக இருக்கிறது, வாடகைகூடக் கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். மாமியார் வருவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கோடையின் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரைதான் முழுதாக வளர்ந்த பெண் சிலந்திகள் அதிகம் கண்ணில் படும்.

பகலில் தேடாதீர்கள், கிடைக்காது. பகலில் அது ஓட்டைக்குள் ஒடுங்கியிருக்கும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, மூடிய ஷூவும் கெட்டியான கையுறையும் போட்டுக்கொண்டு டார்ச்சோடு பின்பக்கம் போங்கள். தேளுக்குப் பயன்படுகிற ஊதா டார்ச் இதற்கு வேண்டாம், தேள்தான் அதில் பச்சையாக ஒளிரும். சாதாரண வெள்ளை வெளிச்சம் போதும். முழங்காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டே சுவரோரமாக மெதுவாக நடங்கள். தேடுகிற வலை, படத்தில் வரைகிற மாதிரி வட்டமாக, அழகாக இருக்காது. குப்பை நூலை அள்ளிப் போட்டது மாதிரி ஒழுங்கில்லாமல், தரைக்கும் சுவருக்கும் இடையில் விறைப்பாகக் கட்டியிருக்கும். ஒரு குச்சியால் இழுத்துப் பாருங்கள், தாளைக் கிழிப்பது போல மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் அது பிளாக் விடோ வலை. நம் வீட்டு நூலாம்படை இப்படிச் சத்தம் போடாது. நடுவில் கருப்பு மணி ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், உடுக்கை மேலே பார்த்தபடி.

முதல் முறை இந்த வேலையில் இறங்கிய இரவு, ஒரே ஒரு பக்கத்துச் சுவரில் இரண்டு டஜனுக்கு மேல் எண்ணிவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தேன். உங்களுக்கும் முதல் இரவு அப்படித்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். துரத்திக்கொண்டு வரும் பிராணி இல்லை இது. வலை அசைந்ததும் ஓட்டைக்குள் ஓடத்தான் பார்க்கும்.

அது ஓடுவதற்குள் முடித்துவிட வேண்டும். நீளக் குச்சியால் சுவரோடு வைத்து நசுக்கலாம். கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேயை நேராக அதன் மேலேயே அடிக்கலாம், மேலே பட்டால் மருந்து நன்றாகவே வேலை செய்யும். நீளக் குழாய் உள்ள வேக்கம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, சிலந்தி, வலை, முட்டைப்பை எல்லாம் ஒரே இழுப்பில் போய்விடும். முடிந்த கையோடு பையைக் கட்டி வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள், கராஜில் வைக்காதீர்கள். முட்டைப்பை வெளிர் பழுப்பாக, பட்டாணி அளவில் அல்லது சற்றுப் பெரிதாக இருக்கும். ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். தாயைக் கொன்றுவிட்டுப் பையை விட்டுவைத்தால் பாதி வேலைதான்.

எங்கெல்லாம் பார்ப்பது? சொட்டுநீர்க் குழாயின் வால்வு இருக்கிற பச்சை மூடிப் பெட்டிதான் என் கணக்கில் முதல் இடம். ஈரம், இருட்டு, நிறையப் பூச்சி. அந்த மூடியை வெறுங்கையால் தூக்கவே கூடாது. அப்புறம் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால், நீச்சல் குளத்து மோட்டார் அடியில், பார்பிக்யூ அடுப்பின் கீழ், பையனின் மூன்று சக்கர சைக்கிள், ஊஞ்சல் இருக்கையின் அடிப்பக்கம். நம்மவர் வீடுகளில் கூடுதலாக இரண்டு இடம் உண்டு. ஒன்று, வாசலிலோ கராஜிலோ கழற்றிப் போடும் செருப்பும் ஷூவும். உதறாமல் கால் விடக்கூடாது, இந்த ஒரு பழக்கம் தேளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. இரண்டாவது, கறிவேப்பிலைத் தொட்டி. தொட்டியின் வளைந்த விளிம்புக்குக் கீழே விரல் வைத்துத்தான் எல்லோரும் தூக்குகிறோம், பிளாக் விடோவுக்கும் அந்த இடம்தான் பிடிக்கிறது. டிசம்பரில் பனிக்குப் பயந்து தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் விளிம்பையும் அடிப்பக்கத்தையும் வெளிச்சம் போட்டுப் பார்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு குளிர் தொடங்கும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு சுற்று வந்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். முற்றிலும் ஒழியாது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீடு இருக்கிறதே, அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இதோடு சேர்த்து ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். சுவரில் சிமென்ட் உதிர்ந்த இடங்களைப் பூசிவிடலாம். வீட்டு வாசல் கதவுக்கும் கராஜ் கதவுக்கும் அடியில் ரப்பர் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே நின்று பார்க்கும்போது கதவடியில் வெளிச்சம் தெரிந்தால், அந்த வழியாகச் சிலந்தியும் வரும் தேளும் வரும். ஒரு எச்சரிக்கை: வெளிச்சுவரின் அடியில் ஈரம் வடிவதற்கென்றே விட்டிருக்கும் இடைவெளியை ஆர்வக்கோளாறில் பூசிவிடாதீர்கள், சுவர் கெட்டுப்போகும். வீட்டுப் பின்பக்கத் திண்ணை (patio) விளக்கைத் தேவைக்கு மட்டும் போடுங்கள், பல்பை மஞ்சள் ஒளிக்கு மாற்றுங்கள். விட்டில் குறையும். சொட்டுநீர்க் குழாயில் எங்காவது கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மருந்துக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்றால், தரையில் பட்டை அடிப்பதைக் குறைத்து வலைகளைக் கலைக்கவும், சுவர் வெடிப்புகளிலும் வால்வுப் பெட்டியிலும் அடிக்கவும் சொல்லுங்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. இங்கே அதை மாநில வேளாண் துறையின் பூச்சி மேலாண்மைப் பிரிவு கவனிக்கிறது. மருந்து காயும்வரை பையனை அந்தப் பக்கம் விடாதீர்கள். புதினா எண்ணெய், ப்ளக்கில் சொருகும் ஒலிக் கருவி என்று நிறைய விற்கிறார்கள். எண்ணெய் வீட்டை மணக்க வைக்கும், கருவி மின்சாரம் தின்னும். அதற்கு மேல் நான் எதுவும் கண்டதில்லை.

கடித்தால்? நசுங்கும் நிலை வந்தால்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. போகப் போகத் தசைப்பிடிப்பு, கடும் வயிற்றுவலி, வியர்வை என்று வரும். சாவு மிக மிக அபூர்வம், ஆனால் வலி கடுமையாக இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கட்டுப்போடுவது, கீறுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். உடனே 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். குழந்தையையோ வயதானவரையோ கடித்தாலும், வலி பரவினாலும் மருத்துவமனைக்கே போய்விடுங்கள். மாமியாருக்கு ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் கவனம், இந்த விஷம் அதை ஏற்றிவிடும்.

மாமியார் வந்ததும் இன்னொன்று நடக்கும். தோலில் கொப்புளமோ தடிப்போ வந்தால் 'எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கும்' என்பார். நம் ஊரில் பாதிப் புண்ணுக்கு அதுதான் பெயர். இங்கே அமெரிக்கர்களும் குறைந்தவர்கள் இல்லை, எந்தப் புண்ணையும் 'பிரவுன் ரெக்லூஸ் கடி' என்பார்கள். அந்தச் சிலந்திக்கு அரிசோனா சொந்த ஊரே இல்லை. அதன் பாலைவன உறவுக்காரச் சிலந்தி ஒன்று இங்கே உண்டு, அது விறகுக் குவியலிலும் காய்ந்த கள்ளியிலும் ஒளிந்திருப்பது. குடிவந்ததிலிருந்து பிரிக்காத அட்டைப்பெட்டிகள் கராஜில் இருந்தால் கையுறை போட்டுப் பிரித்து, சாமான்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். ஆறாத புண் என்றால் சிலந்தியைத் தேடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், பல நேரம் அது கிருமித் தொற்றாகத்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த டாரன்டுலா சிலந்தி ஒன்று பின்பக்கம் நடந்து போனால் விட்டுவிடுங்கள். பெண் தேடிப் போகிற ஆண் அது, உங்களிடம் அதற்கு வேலையில்லை.

வீட்டு மூலையில் இருக்கிற மெலிந்த காலுள்ள சிலந்திகளால் ஆபத்தே இல்லை. பூச்சி தின்னும், சில சமயம் மற்ற சிலந்திகளையும் பிடித்துத் தின்னும். கராஜில் இருப்பவற்றை நான் தொடுவதில்லை. வரவேற்பறையில் பார்க்க நன்றாக இல்லை என்றால் ஒட்டடைக் குச்சிதான். மாமியாரை ஊரிலிருந்து வரும்போது ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள், இங்கே கிடைப்பது எதுவும் அந்த அளவுக்குச் சரிப்படவில்லை.